புயல் காற்றும் துருவக் கரைக் கடலும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நடுக்கடல்:

சரக்குக் கப்பலில் செகண்ட் மேட்டாக (இரண்டாம் துணை அதிகாரியாக) இருந்த காலத்தில், ரஷ்யாவின் வடகோடித் துறைமுகமான மூர்மான்ஸ்குக்குக் குளிர்கால ஓட்டம் எனக்கு வாய்த்தது. பேரண்ட்ஸ் கடல் 70 டிகிரி வடக்கில் கிடந்தாலும் நார்வே கரையோரமும் ரஷ்யாவின் கோலா கரையோரமும் பெரும்பாலும் உறைவதில்லை. அட்லாண்டிக்கிலிருந்து ஏறிவரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அதை உறையவிடாது. உறையாவிட்டால் கப்பலுக்கு வசதிதானே என்று ஊரில் கேட்பார்கள். வசதிதான், காற்று கிளம்பும் வரை.

ஒரு பிப்ரவரி மாலை, நார்வேயின் வடகோடியில் இருக்கும் நார்த் கேப் முனையைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். வானிலை வரைபடத்தில் சொல்லும்படி எதுவும் இல்லை. இரவு வாட்சில் பாரோமீட்டர் இறங்க ஆரம்பித்தது. பனிமழை ரேடார் திரையை மறைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் காற்று திசை மாறி வடக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்து 45 நாட் வேகத்தை (மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல்) தொட்டது. போலார் லோ என்று படித்திருந்தேன், அன்றுதான் அதற்குள் நின்றேன். வடக்கே, உறைந்த கடல் முடியும் பனிவிளிம்புக்கு அப்பாலிருந்து மைனஸ் 20, 25 டிகிரிக் காற்று தெற்கே வழிந்து, நாலைந்து டிகிரி சூடுள்ள தண்ணீர் மேல் வரும்போது, அடியிலிருந்து சூடேறி எழும்பும் சுழல் இது. குறுக்களவு 200 கிலோமீட்டரும் இருக்கலாம், 1000 கிலோமீட்டரும் இருக்கலாம். அரை நாளில் முழு பலம் வந்துவிடும், பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் அடங்கிவிடும். சாட்டிலைட் படங்கள் வந்த பிறகுதான் இவற்றின் உருவமே சரியாகத் தெரிந்தது.

அலை வளர மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது அடிக்கும் நேரம், தடையில்லாமல் ஓடும் தூரம். சுழல் சின்னது, ஓடும் தூரம் குறைவு, ஆகவே அலையும் சுமாராகத்தான் இருக்கும் என்று பாடப்புத்தகக் கணக்குப் போடத் தோன்றும். ஆனால் சுழலே நகர்கிறதே! 13 விநாடிக்கு ஒரு தடவை வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் ஏறத்தாழ 20 நாட் வேகத்தில் போகும். சுழலும் அதே 20 நாட்டில் அதே திசையில் போனால், அலை காற்றுக்கு அடியிலிருந்து தப்பிக்கவே முடியாது. உதை வாங்கிக்கொண்டே வளரும். தெற்கே இறங்கும் சுழலின் மேற்குப் பக்கம் வடகாற்று அடிப்பதால், அந்தப் பக்கம்தான் மோசம். நாங்கள் இருந்தது அந்தப் பக்கம்.

கேப்டன் கப்பலின் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து, வேகத்தைக் குறைத்தார். ரோலிங் நின்றது, ஆனால் தண்ணீர்த்தூவல் முழுக்க முன்டெக்கில் விழுந்து உறைய ஆரம்பித்தது. ரெயில், விஞ்ச், மாஸ்ட், எல்லாம் வெள்ளை. மேலே ஏறும் எடை கப்பலின் நிமிரும் சக்தியைத் தின்றுவிடும். விடிந்து கொஞ்சம் அடங்கியதும் போசனும் (டெக் ஆட்களின் தலைவர்) ஆட்களும் மரச்சுத்தியலோடு இறங்கினார்கள். எங்களுடையது பெரிய கப்பல், தாங்கியது. மீன்பிடிக் கப்பல்களின் கதை வேறு. 1955 ஜனவரி 26 அன்று ஐஸ்லாந்துக்கு வடக்கே லொரெல்லா, ரொடெரிகோ என்ற இரண்டு இங்கிலாந்து ஹல் துறைமுகத்து டிராலர்கள் ஒரே நாளில் பனிச்சுமையால் கவிழ்ந்தன. 2020 டிசம்பரில் ரஷ்யாவின் நோவாயா செம்ல்யா தீவுகள் பக்கம் ஒனேகா என்ற ரஷ்யப் படகு மூழ்கியது. 19 பேரில் பிழைத்தது இருவர்.

அந்தப் பக்கம் இருந்தவர்கள், போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

வடமுனை:

நான் 80-களின்ட கடைசியில நோர்வேக்கு வந்தனான். அப்ப வந்த எங்கட ஆக்கள் கனபேர் நோர்வேயின்ட வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின்ட கரையோர மீன் பக்டரிகளிலதான் வேலை செய்தவை. வார்டோ, போட்ஸ்ஃபியூர்ட், மேஹாம்ன், ஹொன்னிங்ஸ்வோக் எண்டு ஊர் ஊராய் இருந்தம். நான் வார்டோவில. நோர்வேயின்ட ஆகக் கிழக்கு நகரம், ஒரு தீவு. 1982-இல கடலுக்கு அடியால சுரங்க ரோட்டு திறந்ததால படகுக்குக் காவல் நிக்கத் தேவையில்லை. ஆனா அங்கால தரை ரோட்டைப் புயலுக்குப் பூட்டினா சுரங்கம் இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்.

பருத்தித்துறைப் பக்கத்தில பிறந்தனான். சோழகமோ வாடையோ கச்சானோ, எந்தத் திசைக் காத்து எண்டு பாத்துத்தான் அங்க தோணி இறக்கிறது. வார்டோவிலயும் அதே கணக்குத்தான் எண்டு முதல் மாரியிலயே விளங்கிச்சுது. தென்மேற்கால அடிச்சா நடக்கேலாது. வேலியைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் வேலைக்குப் போறது. ஆனா வெளியில பாத்தா தண்ணி நுரைக்குமே தவிர, பெரிய அலை எழும்பாது. அந்தக் காத்து பக்கத்தில இருக்கிற வராங்கர் குடாநாட்டுத் தரைக்கு மேலால வாறது, கடலில ஓட அதுக்கு இடமில்லை. வடக்கால, வடகிழக்கால எண்டா கதை வேற. அதில பாதி வேகம் போதும், ரெண்டு நாள் விடாம நிண்டு அடிச்சுதெண்டா பனிவிளிம்பில இருந்து எங்கட வாசல் வரைக்கும் சில நூறு கிலோமீட்டர் திறந்த கடல். அலை அவ்வளவு தூரமும் வளந்துகொண்டே வரும்.

பக்டரியில ஒரு வயசான நோர்வேக்காரர் இருந்தவர், முந்தி மீன்பிடிக்கப் போனவர். காத்து எவ்வளவு எண்டு நாங்கள் கேட்டா, எங்கால எண்டு திருப்பிக் கேப்பார். எங்கட ஊர்க் கிழவன்மாரும் இதைத்தான் கேப்பினம்.

இன்னொண்டு. காத்து விட்டாப் பிறகும் கடல் உடன விடாது. நீட்டு அலை கரைக்குக் கிட்ட வர, அடி தரையில தட்டி வேகம் குறைஞ்சு நிமிரும். முனையைச் சுத்தி வளைஞ்சு உள்ளுக்கும் வரும். வானம் வெளிச்சு, கொடி அசையாமத் தொங்கேக்க, துறைமுகத்துக்குள்ள கட்டின படகு முன்னுக்கும் பின்னுக்கும் இழுபட்டுக் கயிறு அறுந்ததைக் கண்ணால கண்டிருக்கிறன். மேற்கால பெர்லவோக் எண்டொரு ஊர் இருக்கு. அங்க அலைதடுப்புச் சுவர் கட்டக் கட்டக் கடல் உடைச்சுக்கொண்டே இருந்தது. நாலு கால் கொங்கிறீட் ரெட்ராபொட் போட்டு 1970-களிலதான் ஒரு முடிவுக்கு வந்தது. அதுக்கு முந்தி ஹூர்ட்டிக்ரூட்டன் எண்ட கரையோரப் பயணிகள் கப்பல் வெளியில நிக்க, சின்னப் படகில போய்த்தான் ஏறுறது. குளிருக்குள்ள, அந்தக் கடலில, பிள்ளை குட்டியோட! நான் வந்தது பிந்தித்தான், தப்பினன்.

வாசகி:

எனக்கு ரெண்டு சந்தேகம். அலை பனிவிளிம்பிலிருந்துதான் வளருகிறது என்றால், பனி அலையைத் தடுக்கிறது என்றுதானே அர்த்தம்? பனிக்கட்டி மிதக்கிறதுதானே, அலையோடு அதுவும் ஏறி இறங்காதா? அது எப்படி அலையைத் தடுக்கும்? அப்புறம், அண்டார்டிகா கரையில்தான் ரொம்ப பலமான காற்று என்று படித்தேன். அப்போ பெரிய அலையும் அங்கேதானே இருக்கணும்?

பனிமேடு:

நான் இந்திய அண்டார்டிகப் பயணத்துல வண்டிகளைப் பராமரிக்கிற மெக்கானிக்காப் போனேன். கேப்டவுன்ல கப்பல் ஏறினோம். தெற்கு 40 டிகிரி தாண்டினதுல இருந்து சாப்பாடு இறங்கலை. அங்க மேற்குக் காத்து உலகத்தையே சுத்தி வருது, 60 டிகிரி தெற்குல குறுக்கே ஒரு கையளவு நிலம் கிடையாது. ஒரு புயல் போய் முடியறதுக்குள்ள அடுத்தது பின்னாலேயே வரும்.

உங்க முதல் கேள்விக்குப் பதிலைக் காலால உணர்ந்தேன். ஒரு காலை எழுந்தப்போ கப்பல் ஆட்டம் பாதியாக் குறைஞ்சிருந்தது. வெளியே வந்து பார்த்தா கடல் மேல எண்ணெய் ஊத்தின மாதிரி ஒரு மந்தம். புதுசா உறையற பனித்துகள் அது. அதுக்கப்புறம் வட்ட வட்டமாப் பனித்தட்டு, அப்புறம் பெரிய பாளங்கள். பனி ஏறி இறங்கத்தான் செய்யுது, ஆனா ஒண்ணோட ஒண்ணு மோதி உரசி அலையோட சக்தியைக் குடிச்சிடுது. சின்ன அலை முதல்ல செத்துடும். நீளமான அலை மட்டும் உள்ளே போயிட்டே இருக்கும். பாளங்கள் மொத்தமா, சத்தமே இல்லாம, மெதுவா உயர்ந்து தாழும். கப்பலும் கூடவே. சில சமயம் அது ரொம்ப தூரம் போகும். 2012-ல பனி மேல கருவிகள் வெச்சு அளந்தாங்க. மூணு மீட்டருக்கு மேற்பட்ட புயல் அலைகள் எதிர்பார்த்ததைவிட மெதுவாத்தான் தேய்ஞ்சது, விளிம்புலேர்ந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கிற பனியையும் உடைக்க முடியும்னு தெரிஞ்சது.

ரெண்டாவது கேள்வி. காத்து பலம்தான். ஆஸ்திரேலிய ஆய்வுப் பயணி மாசனோட குழு 1912-13ல தங்கின, அண்டார்டிகா கரையில இருக்கிற டெனிசன் முனையில வருஷ சராசரியே மணிக்கு 80 கிலோமீட்டர்கிட்ட. ஆனா அது பனிமேட்டுலேர்ந்து கனத்த குளிர்காத்து சரிவுல இறங்கி நிலத்துலேர்ந்து கடலுக்கு அடிக்கிறது. கரைகிட்ட அலை வளர இடமே இல்லை. பனி அடுக்கின் (நிலத்துலேர்ந்து கடல் மேல நீண்டு மிதக்கிற கனத்த பனி) விளிம்புல கப்பலைக் கட்டியிருந்தப்போ எங்க மேல காத்து அறைஞ்சது, தொப்பி பறந்தது, கப்பல் பக்கத்துல தண்ணி சின்னச் சின்ன முள்ளா நிமிர்ந்து நின்னதோட சரி. பார்க்கப் பார்க்க வெளியே போகப் போக நுரை கூடிட்டே போகும். அந்தக் காத்து செய்யற பெரிய வேலை வேற: கரையோரப் பனியை வெளியே தள்ளித் திறந்த தண்ணியை உண்டாக்கிடும், அது உடனே மறுபடி உறையும், மறுபடி தள்ளும்.

பயம் வெளியே இருந்து வர்ற அலைக்குத்தான். அண்டார்டிக் தீபகற்பத்துல லார்சன் ஏ பனி அடுக்கு 1995-லயும் லார்சன் பி பனி அடுக்கு 2002-லயும் நொறுங்கினப்போ முன்னால கடல் பனிக் காவல் இல்லாம இருந்தது. நீண்ட அலை ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த விளிம்பை வளைச்சு வளைச்சு முறிச்சதும் ஒரு காரணம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

நடுக்கடல்:

அருமை. வடக்கிலும் இதே கதை. அலாஸ்காவுக்கு மேலே போஃபர்ட் கடல் ஒரு காலத்தில் கோடையிலும் பெரும்பாலும் பனி. 2012-ல் பனி வரலாறு காணாத அளவு சுருங்கிய செப்டம்பரில் அங்கே 5 மீட்டர் அலை அளந்தார்கள். கரையோடு ஒட்டி உறையும் பனி தாமதமாக வருவதால் இலையுதிர்காலப் புயல்களின் அலை நேராக மண்கரையில் மோதுகிறது. அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே உள்ளே உறைந்த பனிதான். அடியில் கரைந்ததும் பாளம் பாளமாகச் சரிகிறது.

சின்னமுட்டம்:

எங்க குமரிக் கரையிலயும் இதோட வால் வருது மக்களே. காத்தே இருக்காது, மழையும் இருக்காது, ஏப்ரல் மே மாசத்துல கடல் சும்மா பொங்கிக் கட்டுமரம் வரைக்கும் ஏறிரும். கள்ளக்கடல்னு சொல்லுவோம். தெற்கே எங்கேயோ அடிச்ச புயலோட நீள அலை அது. 20 விநாடி அலைன்னா மணிக்கு 55 கிலோமீட்டர் போல ஓடி, நாலஞ்சு நாள்ல இங்க வந்துரும். 2024 மே மாசம் முன்னெச்சரிக்கை குடுத்தும், குளிக்க இறங்குன பயிற்சி டாக்டருங்க அஞ்சு பேரைக் கொண்டுபோச்சு. வானத்தைப் பாத்துட்டு இறங்குறவங்களுக்கு யாரு சொல்ல?

வாசகி:

பிப்ரவரியில் ஹூர்ட்டிக்ரூட்டனில் ட்ரொம்ஸோவிலிருந்து கிர்க்கெனஸ் வரை போகலாமென்று இருக்கிறோம். மாமியாரும் வருகிறார். போகலாமா?

வடமுனை:

போகலாம் தங்கச்சி. கன தூரம் தீவுகளுக்கு உள்ளாலதான் கப்பல் போகும், ஆட்டம் தெரியாது. ஷெர்வோய்க்கும் ஒக்ஸ்ஃபியூர்ட்டுக்கும் இடையில லொப்ஹாவெட் எண்டொரு திறந்த துண்டு, அங்க ஒருக்கா ஆட்டும். பிறகு ஹொன்னிங்ஸ்வோக் தாண்டினா வார்டோ வரைக்கும் வடக்குப் பக்கம் திறந்த கடல்தான். வடகாத்து கடுமையெண்டா மேஹாம்ன், பெர்லவோக் துறைகளுக்குப் போகாமலே விட்டிடுவினம், அதுக்குப் பதறாதேங்கோ. பேரண்ட்ஸ்வாட்ச் எண்ட நோர்வே அரசின்ட இணையத்தளத்தில அலை முன்னறிவிப்பு இருக்கு. அதில 4 மீட்டர் எண்டு போட்டா, அது உயரமான மூண்டில ஒரு பங்கு அலைகளின்ட சராசரி. இடைக்கிடை அதில ரெண்டு மடங்கு கிட்டவும் ஒண்டு வரும். மாமிக்கு நடுக்கப்பலில, கீழ்த்தட்டில அறை எடுங்கோ. வாந்திக் குளிசையை ஆட்டம் துவங்க முதலே குடுக்கோணும், துவங்கினாப் பிறகு குடுத்து வேலையில்லை.