வீட்டுக் குழுவில்: சின்னவள் சொல்லும் மற்ற வீடு

தங்கச்சி (மாலை 6.48): எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். மூன்றரை வயதான எங்கள் சின்னவள் இரண்டு கிழமையாகத் தனக்கு "மற்ற வீடு" ஒன்று இருப்பதாகச் சொல்லி வருகிறாள். முதல் நாள் நான் புட்டைப் பிசைந்து தீத்திக்கொண்டிருந்தபோது கையைத் தள்ளிவிட்டு, "மற்ற அம்மா புட்டுக்குள்ள இறால் போடுறவ" என்றாள். அந்த வளவில் துலாக் கிணறு இருந்ததாம். இரவில் கடல் இரைவது கேட்குமாம். நாங்கள் இருக்கும் இணுவிலில் கடலும் இல்லை, துலாவை அவள் கண்டதும் இல்லை.

மாமி (6.55): இது முற்பிறப்பு நினைவுதான், எனக்குச் சந்தேகமே இல்லை. நேற்று மடியில் இருத்தி, "அது முல்லைத்தீவா, ஷெல் விழுந்ததா?" என்று கேட்டேன், பிள்ளை தலையாட்டியது. சனிக்கிழமை வாகனம் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், எந்த வீட்டைக் காட்டுகிறாள் என்று பார்ப்போம்.

தங்கச்சி (6.58): ஷெல் என்ற சொல்லை அவள் அதற்கு முன் சொன்னதே இல்லை, மாமி. இன்று காலை எழும்பியவுடன் "மற்ற வீட்டில ஷெல் விழுந்தது" என்றாள்.

நான் (7.14): மாமி, கோபிக்க வேண்டாம், முற்பிறப்பு நினைவு பற்றிய ஆய்வுகள் அதிகமாக இடறுவது இப்படிப் பெரியவர்கள் கேட்டுவிடும் இடத்தில்தான். வேர்ஜீனியாப் பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1961 இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து இப்படிக் கதைக்கும் பிள்ளைகளைத் தேடினார்; 1966 இல் அவர் விபரமாக வெளியிட்ட 20 பேரில் 3 பேர் இலங்கைப் பிள்ளைகள். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் 2,500 க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஆனால் பெரும்பாலானவற்றில், ஆய்வாளர் வந்து சேர்வதற்கு முன்பே பிள்ளையின் குடும்பமும் அது சொன்ன இறந்தவரின் குடும்பமும் சந்தித்துக் கதைத்து முடித்திருந்ததால், பிள்ளை தானாகச் சொன்னது எது, பெரியவர்கள் கேட்டுக் கேட்டு அதன் வாயில் வைத்தது எது என்று பிரித்தெடுக்க வழியில்லாமற் போயிற்று. அந்த மற்றக் குடும்பத்தைத் தேடிப் போகுமுன் பிள்ளை சொன்னது எழுதிவைக்கப்பட்ட பதிவுகள் மிகச் சில. 1988 இல் ஸ்டீவன்சனும் கண்டியைச் சேர்ந்த கொட்வின் சமரரத்னவும் இலங்கையிலிருந்து அத்தகைய மூன்றை வெளியிட்டார்கள். என்னை உண்மையாகவே யோசிக்க வைப்பவை அந்த மூன்றும்தான்.

பெரியப்பா (7.20): பிள்ளைக்கு ஏதும் வருத்தம் என்று பயப்பட வேண்டுமா?

நான் (7.27): பயப்பட ஒன்றுமில்லை, பெரியப்பா. ஐஸ்லாந்து உளவியலாளர் ஏர்லெண்டூர் ஹரால்ட்சன் இலங்கையில் இப்படிப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சொல்வளத்திலும் படிப்பிலும் இவர்கள் முன்னுக்கு நின்றார்கள். பிறர் சொல்வதற்கு மற்றவர்களைவிட எளிதில் இணங்கவும் இல்லை. பகற்கனவும் அச்சமும் மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்தன. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் சொல்லத் தொடங்கி, ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் தாமாகவே விட்டுவிடுவார்கள்.

மாமி (7.41): ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். 2009 இல் காணாமற்போன என் தம்பியை நினைத்துத்தான் முல்லைத்தீவு என்று கேட்டேன். இறால் போட்ட புட்டென்றால் அவனுக்கு உயிர். சின்னவளை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

பெரியப்பா (7.52): பிள்ளை, வினை தீரும்வரை பிறவி தொடரும் என்பதை நான் நம்புகிறவன். ஆனாலும் உன் அம்மா இன்றும் மகனின் படத்தைக் கையில் பிடித்தபடி போராட்டப் பந்தலில் இருக்கிறார். இரவில் படலை கிறீச்சிட்டால் எழும்பி வந்து பார்க்கிறார். அவரிடம் போய் "உங்கள் மகன் இங்கே பிறந்திருக்கிறான்" என்றால், அவன் செத்துவிட்டான் என்று நாங்களே சொன்னதாக ஆகாதா? அதைச் சொல்ல இந்தப் பச்சைப்பிள்ளையையா அனுப்புவது?

நான் (8.05): அலாஸ்காவின் திலிங்கித் மக்களிடம் இறந்த உறவினரே குடும்பத்தில் திரும்பப் பிறப்பதாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரே குடும்பத்துக்குள் நடப்பவற்றை ஆய்வாளர்களே பலமான சான்றாக எடுப்பதில்லை. இறந்தவரைப் பற்றிப் பிள்ளை வீட்டிலேயே கேட்டிருக்கக்கூடும் அல்லவா? சின்னவள் பாதி நாள் உங்கள் குசினியில்தான் நிற்கிறாள், மாமி. தங்கச்சி, ஒரு கொப்பியை எடுத்துத் திகதி, நேரம், பக்கத்தில் நின்றவர், அவள் சொன்ன சொல், அதற்கு முன் யாராவது கேட்ட கேள்வி எல்லாவற்றையும் எழுது. ஷெல் கதையையும் மாமியின் கேள்வியோடு சேர்த்தே எழுது. நீயாக எதுவும் கேட்காதே. சொன்னால் தடுக்கவும் வேண்டாம்.

மாமி (8.31): வாகனம் வேண்டாம். அம்மாவிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். தம்பியின் இறால் புட்டுக் கதையை இறால் உடைக்கும்போதெல்லாம் நான் சொல்வது உண்டு, பிள்ளை பக்கத்தில் இருந்திருக்கிறது. அதையும் கொப்பியில் எழுதிவிடு.

தங்கச்சி (9.36): எழுதிவிட்டேன், மாமி. படுக்கப் போகும்போது, "மற்ற வீட்டுக் கிணத்தடியில ஒரு நாய் நிண்டது" என்றாள். என்ன நிறம் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று விளக்கை அணைக்காமல் இருந்தேன். என் விரலைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள்.