மடிக்கணினியில் சுட்டி தானாக நகர்கிறது: டச்பேட் பழுதா, ஊடுருவலா?

கேள்வி:
நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் என் விண்டோஸ் 11 மடிக்கணினியில், கையை எடுத்த பிறகும் மவுஸ் சுட்டி வலது மூலையை நோக்கி ஊர்ந்து செல்கிறது. சில வேளைகளில் தானே கிளிக் செய்து, திறந்திருக்கும் கோப்பை மூடியும் விடுகிறது. டச்பேடை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. யாரேனும் இணையம் வழியாக இதை இயக்குகிறார்களோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1:
வைஃபையை அணைத்த பிறகும் சுட்டி நகர்ந்தால், அதை வெளியாள் எவரும் அப்போது இயக்கவில்லை என்று உறுதிகொள்ளலாம். மனிதர் நகர்த்தும் சுட்டி எதையோ தேடிப் போகும். பழுதினால் நகர்வது பெரும்பாலும் நடுங்கும், அல்லது ஒரே பக்கம் இழுபடும். பிறகு வெளி மவுஸ் ஒன்றை இணைத்துக்கொண்டு, செட்டிங்ஸில் டச்பேடை அணைத்துப் பாருங்கள். தொடுதிரை இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அதைத் தனியே முடக்கிச் சோதியுங்கள். இரண்டையும் ஒருசேர முடக்கினால் குற்றவாளி எது என்று தெரியாமலே போகும்.

பதில் 2:
சார்ஜரையும் கவனியுங்கள். டச்பேட் உணர்வது விரலின் அழுத்தத்தை அன்று. விரல் நெருங்கும்போது அதன் பரப்பில் ஏற்படும் மின்தேக்குத்திறன் மாற்றத்தையே அது உணர்கிறது. ஆகவே வியர்வை ஈரமும், சரியான எர்த் இணைப்பு இல்லாத சார்ஜரிலிருந்து கசியும் மின் இரைச்சலும்கூட அதற்கு விரல் பட்டதுபோலத் தோன்றலாம். சார்ஜரைக் கழற்றியதும் சுட்டி அடங்குகிறதா?

கேள்வி கேட்டவர்:
அடங்கவில்லை. வைஃபையை அணைத்தும் நகர்ந்தது. டச்பேடை அணைத்தபோதுதான் நின்றது. ஆனால் அதைத் துடைக்கும்போது, அதன் ஒரு விளிம்பு மயிரிழை அளவு மேலெழுந்திருப்பதையும், அந்தப் பக்கம் மட்டும் கிளிக் அழுந்தாமல் இறுகியிருப்பதையும் கண்டேன்.

பதில் 2:
அப்படியானால் என் சார்ஜர் ஐயத்தை விட்டுவிடுங்கள். பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். பல மடிக்கணினிகளில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருக்கிறது. பழைய லித்தியம் அயன் பேட்டரிக்குள் வாயு சேர்ந்தால் அது வீங்கி, டச்பேடைக் கீழிருந்து நெருக்கும். அதனால் பரப்பு வளைந்து மின்தேக்குத்திறன் மாறினால், விரல் பட்டதுபோலவே அதற்குத் தோன்றலாம். உடனே கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பிரதியெடுக்கலாம் என்றுகூட மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். அவை எஸ்எஸ்டி எனும் சேமிப்பகத்தில்தான் இருக்கின்றன, பேட்டரியை மாற்றிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். மேலெழுந்த விளிம்பை அழுத்திச் சமப்படுத்த முயன்றால் பேட்டரி தீப்பற்றக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
பழுதுபார்ப்பவர் திறந்து காட்டியபோது பேட்டரியின் ஒரு பகுதி தலையணைபோல உப்பியிருந்தது. பேட்டரியை மட்டுமே மாற்றினார்; டச்பேட் பழையதுதான். மூன்று நாட்களாகச் சுட்டி வைத்த இடத்திலேயே நிற்கிறது.