மூன்று இடங்களில் பார்த்தேன் என்றாள்: தகவலைச் சரிபார்க்கக் கற்பிக்கும் அனுபவங்கள்

(புனைபெயர்களில் எழுதும் நால்வரின் உரையாடல்)

கரும்பலகை

வட்டார அளவில் நடந்த கண்காட்சி ஒன்றில் எட்டாம் வகுப்புச் செயல்திட்டக் குறிப்பேடுகளை மதிப்பிட என்னையும் அழைத்திருந்தார்கள். செயல்திட்டம் எப்படித் தயாராகிறது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாணவியின் குறிப்பேட்டில், நம் நாட்டுப்பண்ணை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு வரி இருந்தது. ஆண்டுக்கணக்கில் சுற்றிவரும் பொய் அது. அப்படி எந்த அறிவிப்பும் செய்யவில்லை என்று யுனெஸ்கோவே 2008இல் மறுத்துவிட்டது. அந்த வரியின் ஓரத்தில் பள்ளியிலேயே சிவப்பு மையால் சரிக்குறி போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால், சுற்றிலும் பூக்கோலம் வரைந்து, ‘நன்றி: இணையம்’ என்று எழுதியிருந்தாள்.

எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். “மூணு இடத்துல பார்த்தேன் சார். மூணுலயும் அப்படியே இருந்துச்சு, அதனாலதான் எழுதினேன்” என்றாள்.

அந்தப் பதில்தான் இன்றும் என்னை உறுத்துகிறது. பெரியவர்களில் பாதிப் பேர் செய்யாத வேலையை அந்தப் பிள்ளை செய்திருக்கிறாள். மூன்று தளங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் சாட்சி ஒன்றுதான் என்பதை மட்டும் அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. “அப்போ எத்தனை இடத்துல பார்க்கணும் சார்?” என்று அவள் திருப்பிக் கேட்டபோது, அடுத்த மேசைக்கு நகரும்படி எங்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தமிழாசிரியர் கட்டுரை கற்பிக்கிறார், கணினி ஆசிரியர் தேடுவதற்குக் கற்பிக்கிறார். தேடிக் கிடைத்ததை எடைபோடுவது யாருடைய பாடம் என்பது எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை டிஜிட்டல் எழுத்தறிவு, விமர்சன சிந்தனை என்றெல்லாம் சொல்கிறது. அது எந்தப் பாடவேளையில், யார் கையால் நடக்கும் என்பதே என் கேள்வி.

நூல்வரிசை

நான் ஓய்வு பெற்ற கிளை நூலகர். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞர்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவர் இரண்டு வழிகாட்டி நூல்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்து வைத்தார். சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கு ஒன்றில் 1948 என்றும் மற்றதில் 1950 என்றும் ஆண்டு போட்டிருந்தது. எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. இப்படி ஒரு கேள்வி வருவதற்காகத்தானே அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். சட்டம் நிறைவேறியது 1948, நடைமுறைக்கு வந்தது 1950, எனவே இரண்டு நூல்களும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று விளக்கி, சட்ட நூலையும் அலமாரியிலிருந்து எடுத்துவந்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. “அது சரிங்க சார், ஆன்சர் கீயில எது வரும்?” என்றார்.

கரும்பலகை அவர்களே, நீங்கள் ஆசிரியர்களின் பொறுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நூலகரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சீர்காழியில் பிறந்த நூலக அறிவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்று, 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டது இதே மண்ணில்தான். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் மக்கள் நூலக வரி கட்டுகிறார்கள். அப்படியிருந்தும் நான் போய்ப் பார்த்த பள்ளிகள் பலவற்றில் நூலகம் என்பது ஒரு பூட்டிய அலமாரி, அதன் சாவி வேறொரு பாடத்தின் ஆசிரியரிடம், நூலகப் பாடவேளை கணக்கு ஆசிரியரிடம். சரிபார்க்கக் கற்பிக்க வேண்டிய ஆளையே பள்ளியில் வைக்காமல், மற்ற ஆசிரியர்களிடம் அந்த வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது தீர்வாகாது.

ஆய்வுமேசை

நூல்வரிசை ஐயா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். கல்லூரியில் நூலகர் இருக்கிறார், ஆண்டுதோறும் முதலாமாண்டு மாணவர்களுக்கு அறிமுக நிகழ்ச்சியும் நடக்கிறது. ஆனால் அந்த நிகழ்ச்சியில் அட்டை வாங்குவது எப்படி, தாமதக் கட்டணம் எவ்வளவு என்பதைத் தாண்டி எதுவும் சொல்லப்படுவதில்லை. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு நெறி குறித்த 2 கிரெடிட் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கட்டாயமாக்கியது. பள்ளியில் தொடங்கியிருக்க வேண்டியது முனைவர் பட்டத்தில் வந்து சேர்கிறது.

நான் சொல்ல வந்தது ஓர் ஆய்வாளரைப் பற்றி. தம் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, வண்ணமிட்ட வரிகளில் ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டிருந்தார். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி 10 சதவீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பதால் அவருடைய கவனம் முழுவதும் அந்த எண்ணின்மேல் இருந்தது. ‘குறைந்தது’ என்றிருந்த இடத்தில் அவர் ‘சரிந்தது’ என்று மாற்றினார். அந்த வாக்கியம் சொல்லும் செய்தி உண்மைதானா, மூலக்கட்டுரை அதை எதை வைத்துச் சொல்கிறது என்று கேட்டேன். மூலக்கட்டுரையை அவர் திறந்ததே இல்லை. வேறொருவர் மேற்கோள் காட்டியதிலிருந்து எடுத்திருக்கிறார். எட்டாம் வகுப்பு மாணவி மூன்று இடங்களிலாவது பார்த்திருக்கிறாள்.

பக்கத்துக் கதவு

என் அனுபவம் சிறியது. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகப் பரவிய வதந்தி யாருக்கும் மறந்திருக்காது. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோவிலுக்குப் போன வழியில் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய காணொளிகளில் ஒன்று, இருசக்கர வண்டியில் வருபவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அறிவிப்புப் பலகையைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டி நீக்கிவிட்டு மீதியைப் பரப்பியிருந்தார்கள். முழுப் படத்தையும் என் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். “நீ சொல்றது சரிதான்ப்பா. இருந்தாலும் நாலு பேருக்கு அனுப்பி வச்சா எச்சரிக்கையா இருப்பாங்கல்ல” என்றார்.

ஆகவே ஆய்வுமேசை அவர்களே, மூலத்தைத் திறந்து காட்டிவிட்டால் போதும் என்று நீங்கள் எண்ணினால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மணி நேரச் சொற்பொழிவும் போதாது. பீகாரில் 2019 மக்களவைத் தேர்தலையொட்டி, வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயிற்சி தந்து ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் சோதித்துப் பார்த்தார். பொய்ச் செய்தியை இனம்காணும் திறனில் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. பின்னர் அதே மாநிலத்தில் அவரும் உடன் ஆய்வாளர்களும் 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு, வாரக்கணக்கில் வகுப்பறைப் பாடமாகவே நடத்திப் பார்த்தபோது பலன் கிடைத்தது; சில மாதங்கள் கழித்தும் அது நிலைத்தது, பெற்றோர்களிடமும் ஓரளவு தென்பட்டது. பள்ளிகளில் ஆண்டுக்கொரு நாள் விருந்தினரை அழைத்து, மாலை போட்டு, புகைப்படம் எடுத்து அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது.

கற்பிக்கும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்து, எழுத்துப்பிழை இருக்கிறதா, வடிவமைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தருவது பழைய முறை. பொய் பரப்புகிறவர்களும் இப்போது பிழையின்றி எழுதுகிறார்கள், அழகாக வடிவமைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க் குழுவினர், உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைக் கவனித்தபோது, அவர்கள் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் தங்குவதில்லை என்று கண்டார்கள். உடனே உலாவியில் வேறு சாளரங்களைத் திறந்து, இந்தத் தளத்தை நடத்துவது யார், இவர்களைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு முதலில் பழக்க வேண்டியது இதைத்தான். அடுத்து, ஒரு செய்தி எந்த நாளில், எந்த ஊரில் முதலில் வெளிவந்தது என்று பின்னோக்கிப் போகப் பழக்க வேண்டும். படமாக இருந்தால் படத்தைக் கொண்டே தேடிப் பார்க்கப் பழக்க வேண்டும். வீட்டிலும் இதைச் செய்யலாம். பெரியவர்களை எல்லோர் முன்னிலையிலும் திருத்தாமல், பிள்ளையை அருகில் அமர்த்தி இருவரும் சேர்ந்து தேடச் சொல்லுங்கள்.

கைபேசி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் ஏசர் அறிக்கையின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பைப் படிக்க வேண்டும். 14 முதல் 18 வயது வரையான ஊரகப் பிள்ளைகளில், திறன்பேசி கொண்டுவர முடிந்தவர்களுக்குச் சில வேலைகளைக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 80 சதவீதத்தினர் குறிப்பிட்ட யூடியூப் காணொளியைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினருக்கு அதை நண்பருக்கு அனுப்பவும் தெரிந்திருந்தது. கண்டுபிடிப்பதற்கும் அனுப்புவதற்கும் இடையில் நிற்க வேண்டிய பாடத்தைத்தான் நாம் இன்னும் எழுதவில்லை.

நூல்வரிசை

எழுதவில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டாம், நண்பரே. 2018இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தி பற்றிய வகுப்புகளை நடத்தியது. பிறகு பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றது. இப்போது அங்கே 5, 7ஆம் வகுப்புகளின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. நமக்கு மிக அருகில் நடப்பதை விட்டுவிட்டு ஸ்டான்ஃபோர்டு வரை போக வேண்டுமா?

கரும்பலகை

பக்கத்துக் கதவு சொன்ன முறையை நானும் ஏற்கிறேன். ஆனால் நாற்பது பிள்ளைகளும் சில கணினிகளும் உள்ள ஆய்வகத்தில் ஒவ்வொருவரும் பல சாளரங்களைத் திறந்து தேடுவதற்கு ஒரு பாடவேளை போதாது. அச்சிட்ட தாள்களைக் கொண்டே இதை நடத்த முடியுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நூல்வரிசை ஐயா குறிப்பிட்ட பாடநூல்கள் பற்றி எனக்கு ஒரு விவரம் வேண்டும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கற்பிக்கும் யாரேனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தமிழ்வழிப் புத்தகத்தில் அந்தப் பாடத்தில் என்ன பயிற்சிகள் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு எத்தனை பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்கள், பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று விரிவாக எழுதுங்கள்.