பட்டா நிலத்து போர்வெல்லும் ஊருணிப் படியும்: தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

ஊருணிக்கரை:
காரைக்குடிக்கு மேற்கே எங்கள் ஊர். பெயரைச் சொன்னால் சண்டை வீட்டு வாசலுக்கே வந்துவிடும், அதனால் வேண்டாம். எங்கள் குடிநீர் ஊருணிக்கு 18 படி. பங்குனிக் கடைசியில் வழக்கமாக 9ஆம் படி தெரியும். இந்த வருஷம் 15ஆம் படியில் பாசி காய்ந்து உரிகிறது. கரையிலிருந்து 200 அடி தள்ளி ஒரு பட்டா நிலம். அதில் 600 அடிக்கு போர் போட்டிருக்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்கே டேங்கர் லாரி வந்து நிற்கிறது, ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. போய்க் கேட்டால் "என் பட்டா, என் தண்ணீர்" என்கிறார். சட்டம் உண்மையிலேயே அப்படியா சொல்கிறது?

பட்டாதார்:
அந்த ஆள் நான் இல்லை. ஆனால் நானும் தண்ணீர் விற்கிறவன்தான், அதனால் பதில் சொல்கிறேன். 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் (அக்கம்பக்க நிலத்து அனுபவ உரிமை பற்றியது), 7ஆம் பிரிவில் 'ஜி' உதாரணத்தைப் படித்துப் பாருங்கள். நிலத்துக்கு அடியில், இன்ன தடம் என்று இல்லாமல் கிடக்கிற தண்ணீர் அத்தனையையும் எடுத்துக்கொள்ள நிலத்துக்காரனுக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தில் 1843லேயே இதற்குத் தீர்ப்பாகிவிட்டது. பக்கத்து நிலத்தில் நிலக்கரிக்குக் குழி தோண்டிக் கிணறு வற்றிப்போனவர் வழக்குப் போட்டுத் தோற்றார்.

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கு முதல் இரண்டு போரில் புகைதான் வந்தது. அந்தக் கடனை ஊர் பங்குபோட்டுக் கட்டவில்லை. மூன்றாவதில் தண்ணீர் வந்ததும் ஊருக்குப் பங்கு வேண்டுமா? முகூர்த்த நாளில் காரைக்குடி மண்டபத்தில் கை கழுவுகிறீர்களே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று என்றாவது கேட்டதுண்டா?

கோர்ட்டு வாசல்:
நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீசில் கட்டுத் தூக்குகிறவன். பட்டாதார் அண்ணே, அந்த உதாரணத்தை வசதியான இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். 'தன் எல்லைக்குள்' என்று ஒரு வார்த்தை அதில் இருக்கிறது. தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள, தன் எல்லைக்குள் கழித்துக்கொள்ள. லாரியில் ஏறி 15 கிலோமீட்டர் போகிற தண்ணீருக்கு அது பொருந்துமா என்பதை வைத்தே ஒரு வழக்கை நடத்தலாம்.

அப்புறம் நம் மாநிலக் கதை. நிலத்தடி நீருக்கென்று 2003இல் ஒரு சட்டம் போட்டார்கள். நடைமுறைக்கே கொண்டுவரவில்லை. பத்து வருஷம் தூங்கிவிட்டு 2013இல் ரத்தானது. 2014இல் ஓர் அரசாணை வந்தது: வியாபாரத்துக்குத் தண்ணீர் எடுத்தால் அனுமதி வேண்டும், சொந்த விவசாயத்துக்கு வேண்டாம். தண்ணீர் விற்கிறவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், 2018 அக்டோபரில் அரசாணை செல்லும் என்று தீர்ப்பு. சென்னையில் டேங்கர் லாரிகள் ஸ்டிரைக் செய்தது அந்த மாதம்தான். ஆக, உங்கள் ஊர்க்காரர் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. சொத்துரிமை அப்புறம்.

பட்டாதார்:
அனுமதி கேட்டு எழுதிப்போட்டு எத்தனை மாதம் காத்திருப்பது என்று உங்களுக்குத் தெரியாதா தம்பி? சரி, அதை விடுங்கள். பிளாச்சிமடா என்று யாராவது ஆரம்பிக்கும் முன் நானே சொல்கிறேன். பாலக்காடு பக்கம் குளிர்பான ஆலை. நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு வெறும் காவல்காரன் என்று 2003இல் தனி நீதிபதி சொன்னார். அதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். 2005இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று அனுமதித்தது. நான் எடுப்பது அதில் கால்வாசிகூட இல்லை.

ஊருணிக்கரை:
அனுமதித்தது, ஆனால் ஆலை திரும்பத் திறக்கவே இல்லையே. 2004இல் பூட்டியது பூட்டியதுதான். அங்கே தீர்ப்பை விட, போராட்டப் பந்தலில் உட்கார்ந்த பெண்கள்தான் முடிவு செய்தார்கள்.

பினாங்குப் பேரன்:
இந்த ஊருணிப் பேச்சில் நானும் ஒரு கட்சிக்காரன். எங்கள் பாட்டையா பர்மாவில் தொழில் செய்து சம்பாதித்த காசில் இதே மாதிரி ஓர் ஊருணியை வெட்டினார். கல்வெட்டில் பெயர் இருக்கிறது. மழைத்தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால், படித்துறை, நடுவில் உறைகிணறு எல்லாம் அவர் செலவு. இன்றைக்கு அதைச் சுற்றி வேலி போடக்கூட எங்களைக் கேட்பதில்லை. வெட்டியவன் குடும்பத்துக்கு ஒரு சொல் கூடவா இல்லை?

கோர்ட்டு வாசல்:
ஐயா, உங்கள் ஊர் சிவகங்கை ஜமீனில் இருந்ததா, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்ததா? செட்டிநாட்டு ஊர்கள் இரண்டிலும் உண்டு, அதற்குத் தகுந்தபடி பழைய ஆவணம் மாறும். ஜமீன் பக்கம் என்றால் 1948 ஒழிப்புச் சட்டத்தோடு ஓடை, குளம், பாசனம் எல்லாம் அரசுக்குப் போய்விட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர் குடிப்பதற்கென்று விட்டுக்கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. பெயர் கல்வெட்டில் இருக்கும், உரிமை இருக்காது. குளத்து இடத்தை வீட்டுமனையாகக் கொடுத்ததை 2001இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உத்தரப் பிரதேச வழக்கு, ஆனால் இங்கே ஆக்கிரமிப்பு வழக்கு எதை எடுத்தாலும் அதைக் காட்டாத ஆள் இல்லை.

தெற்குத்தெரு:
ஊர் ஊர் என்கிறீர்களே, ஊர் என்றால் யார்? என் அப்பத்தா அந்த மாதிரி ஊருணியின் முதல் படியில்கூடக் கால் வைத்தது கிடையாது. கரைக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு, யாராவது மொண்டு ஊற்றும் வரை நிற்க வேண்டும். யாரும் வராத மத்தியானம் என்றால் காலி குடத்தோடு திரும்பல். எங்கள் தெருவுக்குத் தனியாக ஒரு குட்டை, அதற்கு வரத்துக்கால் கிடையாது. 1927இல் அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது எதற்கு என்று யோசியுங்கள். அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவில் கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது, பொதுமக்களுக்கென்று விடப்பட்டது எதுவானாலும் என்றும் சேர்த்து. பினாங்கு ஐயாவுக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

லாரித் தண்ணீர் எனக்குப் பிடிக்காது. ஆனால் குழாயும் போரும் வந்த பிறகுதான் என் அம்மா யாரையும் அண்ணாந்து பார்க்காமல் தண்ணீர் பிடித்தார். அதையும் கணக்கில் வையுங்கள்.

பினாங்குப் பேரன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்வெட்டில் 'சர்வ சனங்களுக்கும்' என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று.

ஏழாம் மடை:
எல்லாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறீர்கள். நான் கண்மாய்ப் பாசனக்காரன். ஊருணிக்கு மழைத்தண்ணீர் வருவது வரத்துக்காலில். அதை யாராவது நடந்து பார்த்தீர்களா? எங்கள் பக்கம் மேட்டுக் காடெல்லாம் தைலமரம், மரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று குறுக்கும் நெடுக்கும் வரப்பு. செம்மண்ணில் ஓடி வரவேண்டிய தண்ணீர் அங்கேயே நின்றுவிடுகிறது. ஊருணி வற்றுவதற்கு லாரி மட்டும் காரணம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நிர்வாகம் இதைவிட மோசம். கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறைக்காரர் பார்வை, அதற்குக் கீழே என்றால் ஒன்றியம். குடிநீர் ஊருணி பஞ்சாயத்து. தைலமரக் காடு வனத்துக்கு. போர் அனுமதி இன்னோர் ஆபீஸ். ஒரே மழைத்துளி, ஐந்து கையெழுத்து. முன்பு குடிமராமத்துக்கு, அதாவது ஊரே கூடிக் குளம் கண்மாய் பராமரிக்கிற வேலைக்கு, வராதவனிடம் அவன் வேலைக் கூலியில் இரண்டு பங்கு வாங்கலாம் என்று 1858இலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். அதற்கும் முன்னால் சட்டமே இல்லாமல் நடந்தது. இப்போது குடிமராமத்து என்றால் ஜேசிபி வாடகை பில். புதுச் சட்டம் வந்தால் கை நீட்ட இன்னோர் ஆள் வருவான், அவ்வளவுதான்.

கோர்ட்டு வாசல்:
மாமா, 'சட்டமே இல்லாமல் நடந்தது' என்பது தெற்குத்தெரு சொன்ன மாதிரியும்தான் நடந்தது. சட்டம் வேண்டாம் என்றால் வலுத்தவன் வழக்கம்தான் மிஞ்சும்.

நிலத்தடி நீரைத் தனி ஆள் சொத்து என்று நாம் பேசிக்கொண்டிருக்கையில், 2018 காவிரித் தீர்ப்பில் என்ன நடந்தது? தமிழ்நாட்டுக்கு நிலத்தடியில் தண்ணீர் இருக்கிறதே என்று சொல்லி 10 டிஎம்சியைக் கணக்கில் கழித்தார்கள். கர்நாடகத்துக்குக் கூடுதலாகப் போன 14.75இல் பெரும்பகுதி அதுதான். மாநிலங்களுக்குள் பங்கு போடும்போது அது எல்லாருடைய தண்ணீர், ஊருக்குள் வந்தால் பட்டாதார் தண்ணீர். இது எந்த ஊர் நியாயம்?

பட்டாதார்:
நல்ல பாயிண்ட், மறுக்கவில்லை. ஆனால் 600 அடியில் பாறை வெடிப்பில் இருக்கிற தண்ணீர் வேறு, 12 அடி ஆழ ஊருணித் தண்ணீர் வேறு. நான் எடுப்பதால் உங்கள் படி தெரிகிறது என்று யார் நிரூபித்தது? ஏழாம் மடை சொன்ன மாதிரி வரத்துக்காலைப் பாருங்கள். காவிரி–வைகை–குண்டாறு கால்வாய் வந்தால் இந்தப் பேச்சே இருக்காது.

ஏழாம் மடை:
வரத்துக்காலைச் சொன்னேன், உன்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை தம்பி. அந்தக் கால்வாய் 262 கிலோமீட்டர், 2021இல் அடிக்கல் நாட்டியது. அதில் வருவதும் வெள்ள உபரித் தண்ணீர்தான். ஒரு கேள்வி: உன் போரில் மேல்மண் சரியாமல் இருக்க இறக்குகிற கேசிங் பைப் எத்தனை அடி இறக்கியிருக்கிறது?

பட்டாதார்:
பாறை தட்டும் வரை. ஏன்?

ஏழாம் மடை:
கேசிங் நிற்கிற இடத்துக்குக் கீழே ஓட்டை சும்மா திறந்து கிடக்கும். மேலே ஊறுகிற தண்ணீர் அந்தப் பக்கச் சுவர் வழியாக உள்ளே இறங்கும். 600 அடி என்பது ஆழம். தண்ணீர் எந்த மட்டத்தில் உள்ளே விழுகிறது என்பது வேறு. ராத்திரி மோட்டாரை நிறுத்திவிட்டுக் காதை வைத்துக் கேள். சளசளவென்று விழுகிற சத்தம் கேட்டால் அது மேல்தண்ணீர்.

பட்டாதார்:
பில்லை எடுத்துப் பார்த்தேன். கேசிங் 22 அடி.

ஊருணிக்கரை:
எங்கள் ஊர்ப் போருக்கும் கேட்டுச் சொல்ல முடியுமா? உங்களுக்குத்தான் அந்தத் தொழில் ஆட்கள் பழக்கம். அனுமதித் தாள் இருக்கிறதா என்று நான் மனுப் போடுகிறேன். வரத்துக்காலை ஞாயிற்றுக்கிழமை நடக்கலாம் என்று இரண்டு பேர் வருகிறார்கள். தெற்குத்தெரு, நீங்களும் வந்தால் நல்லது. உங்கள் குட்டைக்கு ஏன் கால் இல்லை என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.

தெற்குத்தெரு:
என் ஊர் வேறு. இருந்தாலும் வருகிறேன். படியில் இறங்கித்தான் அளப்பேன்.

பட்டாதார்:
கேட்டுப் பார்க்கிறேன். ராத்திரி என் போரில் காது வைத்தேன். சத்தம் கேட்டது. ஆனால் லாரிக்கு இந்த மாதம் முழுக்க முன்பணம் வாங்கிவிட்டேன்.