கேட் முன்னால் நின்ற கார்: டர்பனில் ‘ட்சோட்சி’ பார்த்த இரவு

2025 மே மாதக் கடைசியில், ‘ட்சோட்சி’ என்ற தென்னாப்பிரிக்கப் படத்தில் கதாநாயகனாக நடித்த பிரெஸ்லி ச்வெனெயாகே இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. 40 வயதுதான். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு 2006 மார்ச் ஞாபகம் வந்துவிட்டது. ‘ட்சோட்சி’க்கு சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்து ஒரு வாரம் இருக்கும். டர்பனில், இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு படத்துக்குக் கிளம்பினார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அண்ணன், அக்கா என்று கூப்பிடுகிற கணவன் மனைவி, அவர்களுடைய பெரிய பையன், அப்புறம் வீட்டுப் பாட்டியான ஆயா. அந்த வீட்டில் தமிழ் பேசுவது ஆயா ஒருவர்தான், மற்றவர்களுக்கு இங்கிலீஷ்தான். அதனால் தியேட்டரில் ஆயாவுக்குப் பக்கத்து சீட் எனக்கு.

ட்சோட்சி என்றால் இங்கே ரவுடிப் பையன் என்று அர்த்தம். அத்தோல் ஃப்யூகார்டின் நாவல் 1950களில் ஜோஹன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுன் பகுதியில் நடப்பது, படத்தில் அதை இன்றைய ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கொண்டுவந்துவிட்டார் டைரக்டர் கேவின் ஹூட். ஆரம்பத்திலேயே ஒரு கொலை. கூட்டமான ரயிலில் நான்கு பையன்கள் ஒரு மனிதரை நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், சத்தமே இல்லாமல் கூர்மையான கம்பி உள்ளே இறங்குகிறது. தியேட்டரில் மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாடகர் ஜோலா திரையில் வந்தாரே, பின் வரிசை இளவட்டங்கள் கத்தித் தீர்த்துவிட்டார்கள். அதுவரைக்கும் சாதாரணக் கூட்டம்தான், நம் ஊரில் நாம் பார்க்காததா.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. ராத்திரி, மழை, பணக்காரத் தெரு. ஒரு பெண் காரை வீட்டு வாசலில் நிறுத்துகிறாள். கேட் திறக்கவில்லை. இறங்கிப் போய் இன்டர்காம் பட்டனை அழுத்துகிறாள்.

தியேட்டரே உறைந்துபோய்விட்டது. மூன்று வரிசைக்கு முன்னால் பாப்கார்ன் பொட்டலம் கசங்குகிற சத்தம் இருந்தது, அதுவும் நின்றுவிட்டது. பையன் இன்னும் துப்பாக்கியையே நீட்டவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, கேட் திறக்காததில் என்ன ஆபத்து இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆயா என் மணிக்கட்டைப் பிடித்தார். திரையில் இருந்த பெண்ணிடம் பேசுகிற மாதிரி, தணிந்த குரலில், தமிழில் சொன்னார்: “இறங்காதம்மா, இறங்காத.” துப்பாக்கி வெடித்தபோது முன்னால் ஒரு பெண்மணி எழுந்து வெளியே போனார், அவர் கணவர் பின்னாலேயே போனார், இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

காருக்குள் பின் சீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது அந்தப் பையனுக்கு அப்புறம்தான் தெரிகிறது. காகிதப் பையில் போட்டுத் தன் குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். செய்தித்தாளைக் கிழித்து நாப்கின் கட்டுகிறான். அந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்து வைத்திருந்ததை விட்ட மாதிரி. கண்டன்ஸ்டு மில்க் வாசனைக்குக் குழந்தை முகத்தில் எறும்பு மொய்த்தபோது அதே சிரித்த வாய்களிலிருந்து “ஐயோ”. நாலு தலைமுறையாகத் தமிழ் பேசாத குடும்பத்துப் பெண்களுக்கும் அந்த இடத்தில் வந்தது “ஐயோ”தான், என் காதால் கேட்டேன்.

கடைசியில் பையன் குழந்தையைக் கொண்டுவந்து அதே கேட் முன்னால் நிற்கிறான், போலீஸ் சுற்றி நிற்கிறது, கையை மேலே தூக்குகிறான். “சுடுங்கடா அவனை!” என்று ஒரு ஆள் இங்கிலீஷில் கத்தினார். குடித்துவிட்டுக் கத்துகிற குரல் இல்லை அது, அழுகிற குரல். இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு பெண், “அவன் குழந்தையைக் கொண்டுவந்துட்டானே!” என்று பதிலுக்குக் கத்தினார். விளக்குப் போட்ட பிறகும் அவர்கள் இரண்டு பேரும் விடவில்லை, படிக்கட்டு வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள். படமாக்கும்போது அவன் செத்துப்போகிற முடிவும் தப்பி ஓடுகிற முடிவும்கூட எடுத்திருந்தார்கள், டிவிடியில் இரண்டும் இருக்கின்றன. அந்த இரண்டில் எதை வைத்திருந்தாலும் ஒரு பாதிக் கூட்டம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கும். கை தூக்கி நிற்கிற இடத்தில் விட்டதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது அண்ணன் ஒன்றுமே பேசவில்லை. சிவப்பு ரோபோட்டில் நிற்காமல் மெதுவாக ஊர்ந்து தாண்டினார். (இங்கே சிக்னல் விளக்குக்கு ரோபோட் என்றுதான் பெயர்.) வீட்டுக்கு முன்னால் வந்ததும் ரிமோட்டைக் கையில் எடுத்தார், கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஏதோ ஒரு காரின் வெளிச்சம். ரிமோட்டை அழுத்தவில்லை. கேட்டைத் தாண்டிப் போய், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வந்தார். ரிமோட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் நடுங்கியது. அப்போதுதான் அக்கா சொன்னார், 2003ல் இதே கேட் முன்னால் திருடர்கள் அண்ணனை இறக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று. வந்ததிலிருந்து அதே வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆயா அன்றைக்கு ராத்திரி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அந்தப் பையனுக்கு அம்மா இல்லையா தம்பி?” இல்லை ஆயா, சின்ன வயசிலேயே நோய் வந்து படுத்துவிட்டாள் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே சாமி விளக்கை அணைக்கப் போனார்.

*

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒரு வாசகர்:

உங்கள் அண்ணன் கார் சுற்றிய இடத்தைப் படித்ததும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஜோஹன்னஸ்பர்க்கில் பெரிய ஹீரோ நடித்த தமிழ் ரவுடிப் படம் வந்தால் நாங்கள் ஐடி ஆட்கள் நாற்பது பேர் சேர்ந்து போவோம், முதல் ஷோ, விசில், பேப்பர் பறக்கவிடுவது எல்லாம் உண்டு. ஒரு தடவை, என்னோடு வேலை செய்கிற நண்பரையும் இழுத்துக்கொண்டு போனேன், அவர் சோவெட்டோ என்ற கறுப்பினத்தவர் குடியிருப்புக்காரர். ஹீரோ மெஷின் கன்னை எடுத்து வரிசையாகச் சுட்டுத் தள்ளும்போது நாங்கள் சீட்டில் ஏறி நின்று விசில் அடித்தோம். அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். படம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பாட்டெல்லாம் நன்றாக இருந்தது, ஆனால் என் தம்பி இறந்தது இந்த மாதிரிச் சத்தத்தில்தான் என்றார். அவ்வளவுதான் சொன்னார், என்னைக் குறை சொல்லவில்லை.

2022-23ல் மட்டும் இந்த நாட்டில் போலீஸ் கணக்கில் 27,494 கொலைகள். ஒரு நாளைக்கு 75. தியேட்டரில் எந்த வரிசையில் அந்தக் கணக்கில் ஒருவரின் அண்ணனோ தங்கையோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? விசில் அடிப்பதை நான் நிறுத்திவிடவில்லை, ஹீரோ என்ட்ரிக்கு அடிப்பேன். துப்பாக்கிச் சூட்டுக்கு அடிப்பதில்லை.

*

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து இன்னொரு வாசகர்:

2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு என் பெண் இந்த மாதிரிப் படம் எதையும் பார்ப்பதில்லை. அந்தக் கலவரத்தில் நாட்டில் 350 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், எங்கள் ஊர்ப் பெயரும் அதில் கெட்டது. அப்போது அவளுக்குப் பதினொரு வயசு, ராத்திரி முழுக்க வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பாத்ரூமில் படுத்திருந்தோம், அங்கேதான் ஜன்னல் சின்னது. போன தீபாவளிக்கு டிவியில் ஏதோ சண்டைப் படம் ஓடியது, எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: டிக்கெட் எடுக்கும்போது 16, 18 என்று வயசு போட்டு பக்கத்தில் வி (V) என்று இங்கிலீஷ் எழுத்து இருக்கும், வன்முறைக்கு அந்த எழுத்து. பார்த்துவிட்டு எடுங்கள். தமிழ்ப் படம்தானே, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று கைக்குழந்தையோடு வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், வெடிச் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுகிறது, அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. எனக்கு அதைப் பார்க்கவே தாங்கவில்லை.

*

மறுபடி டர்பனிலிருந்து:

ஃபீனிக்ஸ் அக்கா, உங்கள் பெண்ணை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். லெனேசியா நண்பரே, அந்த சோவெட்டோக்காரர் சொன்னதை நான் மறக்கப்போவதில்லை.

ஆயா 2014ல் போய்விட்டார். அண்ணனுக்கு இப்போது 68 வயசு. பிரெஸ்லி இறந்த செய்தியைப் போனில் அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அந்தப் பையனா?” என்றார். அப்புறம், இந்த வாரம் கேட் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது, சனிக்கிழமை வந்து பார்த்துக் கொடு தம்பி என்றார். போனேன். மோட்டாரைக் கழற்றிப் பல்சக்கரத்தைத் துடைத்து மாட்டும் வரைக்கும் அண்ணன் தெருவைப் பார்த்தபடி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.