டிராக் (drag) ஓட்டத்துக்கு ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? நம்ம மாவட்டத்து வண்டிகள்ல கண்டது

ஓசூர் பட்டறை:

இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் கியர் மாறுற வேகத்துலதான் போய் நிக்கறாங்க. டிராக்ங்கறது நின்ன இடத்துல இருந்து நேர்கோட்டுல ஓடற 402 மீட்டர் ஓட்டம், அதுல முதல் 60 அடி, அதாவது 18 மீட்டர்தான் பாதிக் கதை. அங்க 0.1 செகண்ட் மிச்சம் பண்ணினா முடிவுக் கோட்டுல 0.15ல இருந்து 0.2 செகண்ட் வரைக்கும் மிச்சம். டயர் தாங்குற அளவுக்கு இழுவையை யார் அளந்து விடறாங்கன்னு முதல்ல பாருங்க. மேனுவல்ல உங்க இடது கால், டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்ல ஆயில், டிசிடியில (ரெட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கம்ப்யூட்டர். மூணுக்கும் பலம் வேற, உடையற இடம் வேற.

ஸ்டாக் டயர்ல முன்வீல் இழுக்கிற 1.5 டர்போ பெட்ரோல் மேனுவலை எடுத்துக்கலாம். முன் டயர் காத்தை 33ல இருந்து 26 பிஎஸ்ஐ பக்கம் இறக்குங்க, பின் டயரை அப்படியே விடுங்க. 3000ல இருந்து 3500 ஆர்பிஎம்ல நிறுத்தி, கிளட்ச் கடிக்கிற இடத்துக்குக் காலைக் கொண்டு வந்து, ஒரு செகண்ட் அளவுக்கு ஸ்லிப் பண்ணி விடணும். டப்புனு விட்டா ரெண்டுல ஒண்ணு நடக்கும். டயர் சுத்தி நேரம் போகும், இல்லன்னா வீல் குதிக்க ஆரம்பிக்கும். சுத்துறதால நேரம்தான் போகும். குதிக்கிறது டிரைவ் ஷாஃப்ட்டையும் சிவி ஜாயின்ட்டையும் உடைக்கும். ஸ்டியரிங்ல தட தடன்னு அடிச்ச உடனே ஆக்சிலரேட்டரைக் குறைச்சுடுங்க, அந்த ஓட்டம் போனா போகுது.

குதிக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணம் எஞ்சின் மவுன்ட். கீழ கியர் பாக்ஸ் பக்கம் எலும்பு வடிவத்துல ஒரு டார்க் ராட் மவுன்ட் இருக்கும், அதோட ரப்பர் கிழிஞ்சிருந்தா லாஞ்ச் பண்ணும்போது, அதாவது நின்ன இடத்துல இருந்து கிளப்பும்போது, எஞ்சின் மொத்தமா பின்னால சாயும். கூடவே கியர் கேபிளும் இழுபடறதால, ரெண்டாவது கியர் இருக்க வேண்டிய இடத்துல இருக்காது. கியர் விழல, பாக்ஸ் போச்சுன்னு வர்ற வண்டிகள்ல முதல்ல இந்த ரப்பரைப் பார்க்கணும்.

மேனுவல்ல செலவு வைக்கிற தப்பு 2-3 மாத்துறப்ப. கியர் ராடை விரலால இறுக்கிப் பிடிச்சுத் தள்ளினா கை தானாவே இடது பக்கம் இழுக்கும், மூணுக்குப் பதிலா ஒண்ணாவது கியர் விழும். கிளட்ச் விட்ட உடனே ஆர்பிஎம் லிமிட்டரைத் தாண்டிப் போயிடும். அங்க லிமிட்டரால ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா அது நிறுத்தறது பெட்ரோலை, இழுத்துச் சுத்தறது வீல். வால்வு பிஸ்டன்ல அடிச்சு வளையும். உள்ளங்கையைத் திறந்து ராடை நேரா முன்னால தள்ளுங்க, நடுவுல கொண்டு வர்ற வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கும். கிளட்ச் மிதிக்காம அடிக்கிறது டாக் பாக்ஸுக்குத்தான், அதாவது கட்டை மாதிரி நீட்டல்கள் நேரா கோத்துப் பிடிக்கிற கியர் பாக்ஸுக்கு. சின்க்ரோ (கியர் விழறதுக்கு முன்னால வேகத்தைச் சமப்படுத்தற வளையம்) இருக்கிற சாதா கியர் பாக்ஸ்ல அப்படிப் பண்ணினா ரெண்டாவது கியர் சின்க்ரோ சீக்கிரம் தேஞ்சு கரகரன்னு சத்தம் வரும்.

டிசிடிக்கு வந்தா, ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ஜிடியில இருக்கிறது டிகியூ200 பாக்ஸ், உலர் கிளட்ச், 7 கியர். அந்தப் பாக்ஸ் தாங்குற இழுவை (டார்க்) வரம்பு 250 என்எம். 1.5 எஞ்சின் கம்பெனியில இருந்து வரும்போதே 250 என்எம் தருது. ரீமேப் பண்ணி, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்கை மாத்தி இழுவையைக் கூட்ட இடமே இல்லன்னு அர்த்தம். பண்றவங்க பண்றாங்க, அடுத்தடுத்து ரெண்டு லாஞ்ச்ல கிளட்ச் சூடாகி எச்சரிக்கை வந்துடும். லாஞ்சை விட வரிசையில நிக்கும்போதுதான் இந்தக் கிளட்ச் அதிகமா வேகுது. பிரேக்கை முழுசா மிதிச்சா கிளட்ச் விலகிடும். அரைகுறையா மிதிச்சுக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து லைட் கோட்டுக்குப் போனா ஸ்லிப் ஆகிட்டே இருக்கும். நியூட்ரல்ல போட்டு நில்லுங்க, முன்னால இடம் விட்ட பிறகு ஒரே நகர்வா போங்க. ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ்ல வந்த டிகியூ250 ஈரக் கிளட்ச், 350 என்எம் தாங்கும், ஆயில் சூட்டை இழுத்துட்டுப் போகும். டிசிடி வேணும்னா ஈரக் கிளட்ச்தான்.

தருமபுரி டீசல்:

அண்ணா, டார்க் கன்வெர்ட்டரை ரெண்டு வரியில விட்டுட்டீங்க. டிராக்ல உலகம் முழுக்க அதிகமா ஓடுற ஆட்டோமேட்டிக் அதுதான். ஜிஎம் கம்பெனியோட பவர்கிளைடு 2 கியர் பாக்ஸ் 1950ல வந்து 1973ல நின்னு போச்சு, அதே அமைப்புல இன்னிக்கும் ரேஸுக்குப் புதுசா செஞ்சு விக்கறாங்க. ஒரே ஒரு தடவைதான் கியர் மாறணும், டயரோட பிடி கலையற இடமும் அந்த ஒண்ணுதான்.

உள்ள நடக்கிறது இதுதான். எஞ்சினோட சுத்துற இம்பெல்லர் ஆயிலை வீசும், அது டர்பைனைச் சுத்தும், திரும்பி வர்ற ஆயிலை நடுவுல இருக்கிற ஸ்டேட்டர் திருப்பி விடும். வண்டி நின்ன நிலையில இழுவை ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகுது. வேகம் ஏற ஏற அது ஒண்ணுக்கு ஒண்ணா இறங்கும். லாஞ்ச்ல கிளட்ச் பிளேட் தேயறது இங்க கிடையாது, தேய்மானம் எல்லாம் ஆயில்ல சூடா வெளிய வரும்.

டீசல் எஸ்யூவிகள்ல லாஞ்ச் பண்ற முறை: இடது காலால பிரேக்கை அழுத்தி, வலது காலால ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சா ஆர்பிஎம் ஒரு இடத்துல ஏறி நிக்கும். அதுதான் ஸ்டால். டர்போ அங்கேயே ஊதிடும், பச்சை விளக்குல பிரேக்கை விட்டா போதும். 5 செகண்டுக்கு மேல பிடிக்கக் கூடாது. முடிஞ்ச உடனே நியூட்ரல்ல போட்டு, 1000 ஆர்பிஎம்ல ஒரு நிமிஷம் ஓட விடுங்க. ஆயில் அப்பதான் கூலர் வழியா போய் வரும். ஆஃப் பண்ணினா சூடு கன்வெர்ட்டருக்குள்ளயே உக்காந்துடும்.

ஆயில் 80ல இருந்து 95 டிகிரிக்குள்ள இருந்தா சுகம். அதுக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலோட ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும். சிவப்பு நிறம் காப்பித்தூள் நிறத்துக்குப் போய், தீஞ்ச வாசனை அடிச்சா உள்ள கியர் மாத்தற பிளேட் அடுக்கு, அதாவது கிளட்ச் பேக், அதோட ஃபேசிங் கருக ஆரம்பிச்சாச்சு. அப்ப ஆயில் மட்டும் மாத்திட்டு ஓட்டறது வீண், பாக்ஸுக்குக் கீழ இருக்கிற ஆயில் தட்டைக் கழட்டி அதுல இருக்கிற காந்தத்துல என்ன ஒட்டியிருக்குன்னு பாருங்க. மாவு மாதிரி சாம்பல் நிறப் படிவு இருக்கும், அது சகஜம். செதில் செதிலா இரும்பு இருந்தா பாக்ஸைப் பிரிச்சே ஆகணும். கூடுதல் கூலர் போடறவங்க ரேடியேட்டர்ல இருந்து ஆயில் வெளிய வர்ற லைன்ல, ரேடியேட்டருக்கு அப்புறம் போடுங்க.

ஸ்டால் எவ்வளவுன்னு ஒரு தடவை எழுதி வெச்சுக்கங்க. பின்னால அதே வண்டியில 200, 300 ஆர்பிஎம் குறைஞ்சா எஞ்சின் இழுவை போச்சு, இல்ல ஸ்டேட்டரோட ஒன்வே கிளட்ச் போச்சு. கூடினா உள்ள கிளட்ச் பேக் வழுக்குது. பாக்ஸைப் பிரிக்காம பார்க்க இதை விட நல்ல வழி இல்ல.

மத்தூர் ஏஎம்டி:

ஏஎம்டியையும் ஆட்டோமேட்டிக்னு சொல்லி டிராக்குக்குக் கொண்டு வரலாமாண்ணா? செலேரியோ, வேகன்ஆர்?

ஓசூர் பட்டறை:

வேண்டாம் தம்பி. உள்ள இருக்கிறது அதே மேனுவல் பாக்ஸ், அதே ஒத்தைக் கிளட்ச். ஒரு ஆக்சுவேட்டர் உங்க காலுக்குப் பதிலா மிதிக்குது, அவ்வளவுதான். கியர் மாறும்போது இழுவை முழுசா விட்டுப் போய்த் திரும்ப வரும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்த்து மிதிச்சா லாஞ்ச் ஆகாது, கிளட்ச்தான் கருகும். பெல்ட்டும் புல்லியும் வெச்சு கியர் படியே இல்லாம ஓடற சிவிடியும் அப்படித்தான். பெல்ட் புல்லியில ஒரு தடவை வழுக்கினாலே புல்லி முகத்துல கோடு விழும், அப்புறம் அந்தக் கோடு பெல்ட்டை அறுத்துட்டே இருக்கும்.

காவேரிப்பட்டினம் டூ ஸ்ட்ரோக்:

கார்லயே நிக்கறீங்க. நம்ம பக்கத்துப் பசங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் பைக்லதான் வருவாங்க. பைக்ல கியர் பாக்ஸ் எல்லாமே டாக் வகை, வரிசை முறை. அங்க ஆட்டோமேட்டிக்கோட வேலையைக் குயிக்ஷிஃப்டர் செய்யுது. லீவர்ல கால் பட்ட உடனே 50ல இருந்து 80 மில்லி செகண்ட் இக்னிஷனை நிறுத்தும், டாக்ல இருக்கிற அழுத்தம் விலகிக் கியர் நழுவி உக்காரும். நேரம் குறைவா வெச்சா டாக் விலகாம மூலை உருளும். அதிகமா வெச்சா செயின் தொய்ஞ்சு திரும்ப இழுக்கும்போது வெட்டி இழுக்கும். 1-2க்கு நடுவுல நியூட்ரல் இருக்கறதால, அதுக்கு மட்டும் கொஞ்சம் கூட நேரம் கொடுக்கணும். டாக் ஒரு தடவை உருண்டுட்டா, ஃபுல் த்ராட்டில்ல கியர் வெளிய தள்ளிட்டு வரும். லிங்க்கை எவ்வளவு சரி பண்ணினாலும் நிக்காது, பாக்ஸைப் பிரிச்சு கியர் ஜோடியையும் வளைஞ்ச ஃபோர்க்கையும் சேர்த்து மாத்துங்க.

கிளட்ச்: புது ஃபிரிக்ஷன் பிளேட்டை மாட்டறதுக்கு முன்னால எஞ்சின் ஆயில்ல ஊற வைங்க. ஸ்டீல் பிளேட்ல நீல நிறம் ஓடியிருந்தா கழிச்சுடுங்க, வளைஞ்சிருக்கும், கண்ணாடி மேல வெச்சு ஃபீலர் கேஜ் விட்டா தெரியும். ஸ்பிரிங் கீழ வாஷர் போட்டு இறுக்கற பழக்கம் இங்க ரொம்ப இருக்கு. ஒரு மெல்லிசு வாஷர் தாங்கும், அதுக்கு மேல போனா கேபிள் அறுந்து போகும், போல்ட் நிக்கிற அலுமினியத் தூண் விட்டுப் போகும். ஆயில் ஜாசோ எம்ஏ2, ஈரக் கிளட்ச் பைக்குக்கான தரம். கார் ஆயில்ல வழுக்கல் கூட்டற சேர்மானம் இருக்கும், ஈரக் கிளட்ச் நிக்காது.

ஸ்ப்ராக்கெட் கணக்கு எளிசு. முன்னால 15 பல், பின்னால 45 பல், அதாவது 15/45ன்னா 3.0. முன்னால ஒரு பல் குறைச்சு 14/45 போட்டா 3.21. பின்னால மூணு பல் கூட்டி 15/48 போட்டா 3.2. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா முன் ஸ்ப்ராக்கெட் சின்னதாகும்போது செயின் இறுக்கமா வளையறதால சீக்கிரம் தேயும். ஓட்டத்துல எந்த இடத்துல லிமிட்டர் அடிக்குதுன்னு பார்த்துத்தான் பல் மாத்தணும். கோட்டுக்கு 20 மீட்டர் முன்னால இன்னொரு கியர் மாத்த வேண்டி வந்தா, ஒரு பல் திரும்பப் போங்க.

இதுக்கெல்லாம் மேல, நம்ம பக்கத்துக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். சென்னைப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானம் கிட்டத்தட்ட கடல் மட்டம். காத்தழுத்தம் ஓசூர்ல 10 சதவீதம் போலக் குறைவு. ஓசூர்ல கச்சிதமா டியூன் பண்ணின கார்புரேட்டர் வண்டி கீழ இறங்கினதும் லீன் ஆகும், அதாவது காத்து கூடி பெட்ரோல் பத்தாம போகும். டூ ஸ்ட்ரோக்குக்கு இது உயிர்ப் பிரச்சினை, நாலாவது கியர்ல ஃபுல் த்ராட்டில்ல பிஸ்டன் பிடிச்சுக்கும். சென்னைப் பக்கத்துச் சூட்டுல காத்து லேசாகி, அந்த வித்தியாசத்துல கொஞ்சம் கழியும், முழுசா கழியாது. மெயின் ஜெட்டை ஒண்ணு, ரெண்டு அளவு பெரிசாப் போட்டுக்கிட்டு ஆரம்பிங்க. ஒரு ஓட்டம் முடிஞ்ச உடனே, கோட்டுலயே கிளட்சைப் பிடிச்சு எஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கிட்டு வந்து பிளக்கைக் கழட்டிப் பாருங்க. ஐட்லிங்ல ஓட்டிட்டு வந்தா பிளக் பொய் சொல்லும். வெள்ளையா இருந்தா இன்னும் ஒரு அளவு மேல. காப்பி நிறம் வந்தா சரி. பிளக் மூக்குல சின்னச் சின்ன அலுமினியப் புள்ளி தெரிஞ்சா அன்னிக்கு ஓட்டம் வேண்டாம், பிஸ்டன் உருக ஆரம்பிச்சிருக்கு.

தருமபுரி டீசல்:

உயரக் கணக்கு டர்போ இல்லாத பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். ஓசூர்ல எஞ்சின் இழுவை குறையறதால கன்வெர்ட்டரோட ஸ்டாலும் குறையும். அங்க எழுதி வெச்சதை விட இருங்காட்டுக்கோட்டையில அதிகமாத்தான் வரும், அதைப் பார்த்துக் கிளட்ச் பேக் போச்சுன்னு பயப்பட வேண்டாம். டர்போ வண்டியில இந்த வித்தியாசம் பெரிசாத் தெரியாது.

பாலக்கோடு ஆர்எக்ஸ்:

புதுசா படிக்கிற தம்பிகளுக்கு ஒண்ணு. ஒரு நேர் ரோடு இருந்தா போதும்னு தேசிய நெடுஞ்சாலை 44ல ராத்திரி இதைப் பண்ணிப் பார்க்காதீங்க. தொப்பூர் இறக்கத்துல பிரேக் சூடேறி நிக்காம வர்ற லோடு லாரிக்கு முன்னால எந்தக் கியர் பாக்ஸும் உதவாது. பொது ரோட்டுல ரேஸ் ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவு வரும், 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே 3 மாசம் வரை சிறை, இல்ல 5,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ரேஸ் கூட்டமைப்பு) லைசென்ஸ் எடுத்துக்கிட்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்க. கிருஷ்ணகிரியில இருந்து ஆம்பூர், வேலூர் வழியா நெடுஞ்சாலை 48லயே போயிடலாம். ரேஸ் வண்டியைப் பிக்கப்ல ஏத்திட்டுப் போறதுதான் நல்லது. ஓட்டிட்டே போனா அங்க போய்ச் சேரும்போது செயினும் கிளட்சும் ஏற்கெனவே ஒரு கட்டு வேலை பார்த்திருக்கும்.

மத்தூர் ஏஎம்டி:

மேனுவலுக்கு ஃப்ளைவீலை லேத்ல கொடுத்துக் குறைச்சா லாஞ்ச் நல்லா வருமா?

ஓசூர் பட்டறை:

சர்க்யூட் ஓட்டத்துக்கு நல்லது, டிராக் லாஞ்சுக்கு எதிரி. கிளட்ச் விடற அந்த நொடியில வண்டியைத் தள்றது ஃப்ளைவீல்ல சேர்ந்திருக்கிற சுழற்சியும்தான். அதைச் செதுக்கி எடுத்துட்டா ஆர்பிஎம் தொப்புனு விழும், டர்போவும் கூடவே இறங்கும், அதைச் சமாளிக்க இன்னும் மேல ரேஸ் பண்ணி விடுவீங்க, அந்தச் சூடு முழுக்கக் கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். சிப்காட் பக்கம் நல்லா கடைசல் பண்ற லேத் நிறைய இருக்கு, வேலை சுத்தமா இருக்கும், ஆனா வார்ப்பு இரும்பு ஃப்ளைவீலைப் பின்பக்கம் மெலிசாக்கினா அதிக ஆர்பிஎம்ல வெடிச்சுச் சிதறும். பெல் ஹவுசிங் தடுக்காது, ஓட்டறவர் கால் பக்கம்தான் வரும். எடை குறைக்கணும்னா ரேஸுக்குன்னே செஞ்ச ஸ்டீல் ஃப்ளைவீல் வாங்குங்க. ரீமேப் பண்ணின மேனுவலுக்கு அந்தக் காசைக் கொஞ்சம் கனமான பிரஷர் பிளேட்டுல போடுங்க. மாத்தணுமா வேண்டாமான்னு தெரிய, கூட்டம் இல்லாத இடத்துல நாலாவது கியர்ல 2000 ஆர்பிஎம்ல இருந்து ஆக்சிலரேட்டரை முழுசா மிதிங்க. வேகம் ஏறாம முள் மட்டும் ஏறினா கிளட்ச் வழுக்குது. அந்த நிலையில லாஞ்ச் பழகினா பிளேட் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆகி, ஃப்ளைவீல் முகத்துல நீலத் திட்டு விழும், அப்புறம் ரெண்டையும் சேர்த்தே மாத்தணும். ஃப்ளைவீல் போல்ட் பழசைத் திரும்பப் போடாதீங்க, பல கம்பெனி வண்டியில அது ஒரு தடவை இழுபட்டு நீளற வகை.