ராஜபாளையம் குட்டி: இரண்டாவது மாடி வீட்டுக்குச் சரிப்படுமா?

கோவை_கவின்:
வணக்கம். கோவையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். நான், மனைவி, நாலு வயது மகள். ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கடுவன், ஏழு வாரம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். "அசல் ஜாதிக்கு இதுதான் அடையாளம்" என்கிறார் விற்பவர். 15,000 ரூபாய் சொல்கிறார். வேட்டை நாய் என்பதால் மூர்க்கமாக இருக்குமா? பிள்ளை இருக்கிற வீட்டில் வளர்க்கலாமா? எனக்கு வேலை காலை ஒன்பது முதல் இரவு ஏழு வரை.

மாந்தோப்பு:
தம்பி, ராஜபாளையத்தில் அய்யனார் கோயில் போகிற பக்கம் எங்களுக்குத் தோப்பு இருக்கிறது. இருபத்தெட்டு வருடத்தில் ஆறு நாய் வளர்த்தாயிற்று. குணத்தை அப்புறம் பேசலாம், முதலில் குட்டியின் காதைப் பாருங்கள்.

என் இரண்டாவது நாய் முத்து, நீங்கள் சொல்கிற அதே அங்க அடையாளம். வந்த வருடம் தீபாவளிக்குப் பையன்கள் வாசலில் லட்சுமி வெடி வைத்தார்கள். பெரிய நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. முத்து திண்ணையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். "என்னா தைரியம் பாருங்க" என்று தெருவில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரிதான் அவன் தலைக்குப் பின்னால் சோற்றுத் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தைரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல, இதுக்குக் காது கேக்கல" என்றாள். அதுவரை கூப்பிட்டதும் வந்தது எப்படி என்றால், பெரிய நாய் ஓடும், பின்னாலேயே இவனும் ஓடுவான்.

காரணம் அந்த வெள்ளைதான். தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் செத்துவிடும். வெள்ளையாகப் பார்த்துப் பார்த்தே தலைமுறை தலைமுறையாக ஜோடி சேர்த்தோம், அதன் பலன் இது. ஒரே ஈத்தில் பழுப்புத் திட்டு விழுந்த குட்டியும் வரும், கறுப்பு மூக்கும் வரும். அவை விலை போகாது, அவ்வளவுதான்.

குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக் கூடாது, மேலே காற்றுப் படக் கூடாது. அம்மாவும் மற்ற குட்டிகளும் பக்கத்தில் இருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒற்றைக் காது செவிடு இதில் தெரியாது. அதற்குத் தலையில் மின்முனை வைத்துப் பார்க்கிற சோதனை தனியாக உண்டு. செவிட்டு நாயையும் வளர்க்கலாம். முத்து ஒன்பது வருடம் கை ஜாடையிலேயே வாழ்ந்தான். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

இப்போது குணம். மூர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தரை எஜமான் என்று எடுத்துக்கொள்ளும், வீட்டில் மற்றவர்களைச் சகித்துக்கொள்ளும், வெளியாள் தொட்டால் பிடிக்காது. சும்மா குரைக்காது. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவருக்கும் மீட்டருக்கும் நடுவில் போய் நிற்கும். சத்தமே இல்லாமல் நிற்பதுதான் வந்தவருக்குப் பயம்.

எங்கள் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொத்தனார் வேலைக்கு வந்திருந்தார். பாசமாக என் பேரனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார், பிள்ளை வீரிட்டுச் சிரித்தது. நாய் ஓடி வந்து அவர் முழங்கைக்குக் கீழே கவ்விவிட்டது. குதறவில்லை, கவ்வியபடியே என் முகத்தைப் பார்த்தது. நான் "விடு" என்றதும் விட்டது. அவருக்கு நாலு பல் பதிந்து, ஊசிச் செலவும் கூலியும் என்னுடையது. கட்டாமல் விட்டது நான்தான். உங்கள் மகளை அது ஒன்றும் செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகளோடு கத்தி விளையாட வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை யோசியுங்கள்.

வேட்டை, காட்டுப்பன்றிக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே கூடாது. ஆனால் நாய்க்குச் சட்டம் தெரியாதே! பூனை ஓடினால் இதுவும் ஓடும், நீங்கள் சங்கிலியோடு பின்னால் போவீர்கள். வளர்ந்தால் தோளுயரம் 65 முதல் 75 செ.மீ. பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாக என்றால், என் பதில் வேண்டாம்.

தாம்பரம்_வாசுகி:
ஐயா சொல்வதில் பாதிக்கு நான் உடன்பாடு. இந்த நாய்க்குத் தோப்புதான் வேண்டும் என்றில்லை. எங்களுடையது சின்னத் தனி வீடு, மொட்டை மாடி உண்டு. விடியற்காலை ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் நடக்க வைத்தால் எங்கள் ராஜபாளையம் வீட்டில் பூனை மாதிரி சுருண்டு கிடப்பாள். காலை நடை ஒரு நாள் தவறினால் செருப்பு, தலையணை எதுவும் மிஞ்சாது.

கஷ்டம் டாக்டரிடம்தான். அந்நியர் கை பட்டாலே உறுமுவாள். குட்டியிலிருந்தே தினமும் வாயைத் திறந்து பார்ப்பது, பாதத்தை அமுக்குவது, காதைத் துடைப்பது என்று பழக்கினேன், வாய்மூடியும் மாட்டிப் பழக்கினேன். மூன்று, நாலு மாதத்துக்குள் நிறைய ஆட்களையும் சத்தங்களையும் காட்டிவிடுங்கள், பிறகு கடினம். ரோஸ் மூக்கு வெயிலில் வெந்து புண்ணாகும், உச்சி வெயிலில் வெளியே விடாதீர்கள். தோலும் அப்படித்தான், உண்ணி வந்தால் தூரத்திலிருந்தே தெரியும், அந்த மட்டும் லாபம்.

கோவை_கவின்:
இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாவியைக் குலுக்கினேன். தனித்தனியாகப் படுக்க வைத்துத்தான். மூன்று குட்டி தலையைத் தூக்கின. நான் பார்த்து வைத்த வெள்ளைக் கடுவன் அசையவே இல்லை. இரண்டாம் முறையும் அப்படியே. விற்பவர் "நல்லாத் தூங்குது சார், ஆழ்ந்த தூக்கம்" என்றார். காதில் பழுப்புத் திட்டுள்ள பொட்டைக் குட்டி மட்டும் எழுந்து வந்து என் ஷூவை முகர்ந்தது. அதை 6,000-க்கே தருகிறாராம். சத்தியமங்கலம் பக்கம் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது, அங்கே விடலாமா என்று யோசிக்கிறேன்.

மாந்தோப்பு:
தாராளமாக. ஆனால் அது அப்பாவின் நாயாகிவிடும். நீங்கள் லீவுக்குப் போனால் ஒரு தரம் வாலாட்டிவிட்டு அவர் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சம்மதம் என்றால் வாங்குங்கள். பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்) தடுப்பூசி போட்டாயிற்றா என்று சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

கோவை_கவின்:
அப்பாவிடம் போனில் சொன்னேன். "பேர் நான்தான் வைப்பேன்" என்கிறார்.